மகுடம் சூட்டுவோரின் கடன்

பாட்டுப் போட்டிகள் தொலைக்காட்சியின் தலையாய வாணிபங்களுள் ஒன்றாகிக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஓர் இளம் பாடகரோ பாடகியோ தலைசிறந்த குரலுக்கு உரியவர் என்று அறிவிக்கப்படுகிறார். அடுக்ககத்தில் வீடும் ரொக்கமும் பரிசாகின்றன. இசையுலகின் அடுத்த நட்சத்திரம் இவரே என்று நடுவர்கள் கட்டியம் கூறுகின்றனர். சில திங்கள் கழிந்ததும் அதே அலைவரிசை வேறொருவரைத் தேடி ஊர் ஊராகப் புறப்படுகிறது. முன்னவரோ, பெரும்பாலும், கோயில் திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களைப் பாடிக்கொண்டிருக்கிறார். அது இழிவான தொழில் அன்று. உழைத்து உண்ணும் நேரிய தொழில். ஆயினும் அவருக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழி அதுவன்று.

இப்போட்டிகளே கூடா என்று முழங்குதல் எளிது. நாம் அதைச் செய்யப் போவதில்லை. போட்டி இசைக்குப் புதியதன்று; பகையுமன்று. நாம் எழுப்பும் வினா வேறு. ஒருவரை நட்சத்திரம் என்று அறிவிக்கும் அதிகாரத்தைத் தாமே எடுத்துக்கொண்ட நிறுவனங்கள், அந்த அதிகாரத்தோடு உடன்பிறக்கும் கடமையை ஏற்றுக்கொண்டனவா? இல்லை என்பதே இதுவரையிலான வரலாறு தரும் விடை.

இவ்வடிவம் பிரிட்டனில் உருப்பெற்றது. 2001 அக்டோபரில் ஐடிவி அலைவரிசை 'பாப் ஐடல்' என்னும் போட்டியைத் தொடங்கிற்று. அதை வகுத்தவர் சைமன் ஃபுல்லர். நடுவர் மேசையில் அமர்ந்து கடுஞ்சொல்லால் உலகப் புகழ் ஈட்டியவர் சைமன் கவல். 2002 பிப்ரவரியில் நிகழ்ந்த இறுதிச் சுற்றில் 87 லட்சம் வாக்குகள் பதிவாயின. வென்ற வில் யங்கின் முதற்பாடல் ஒரே வாரத்தில் 11 லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அவ்வாண்டு சூன் திங்களில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நிறுவனம் 'அமெரிக்கன் ஐடல்' போட்டியைத் தொடங்கியது. 2004இல் சோனி தொலைக்காட்சி அதை 'இந்தியன் ஐடல்' ஆக்கிற்று. 2006இல் விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்' தமிழ் இல்லங்களுக்குள் நுழைந்தது. அதற்கு முன்பும் நம் நாட்டில் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் இருந்தன. ஜீ தொலைக்காட்சி 1995இல் தொடங்கிய 'ச ரி க ம', சன் தொலைக்காட்சியின் 'சப்தஸ்வரங்கள்' ஆகியவற்றில் தீர்ப்பு இசையறிந்தோர் கையில் இருந்தது. புதிய வடிவம் தீர்ப்பைப் பார்வையாளரின் தொலைபேசிக்கு மாற்றியது. இது மக்களாட்சியின் வெற்றி என்று போற்றப்பட்டது. உள்ளே ஓடிய கணக்கு வேறு.

முன்னாளில் ஒரு பாடகரைக் கண்டெடுப்பது இசைத்தட்டு நிறுவனத்துக்குச் செலவு. அதன் ஆட்கள் மேடை மேடையாகச் சென்று கேட்டுப் பலரைத் தேர்ந்தனர். பதிவுக்கூடத்துக்கும் பயிற்சிக்கும் பொருள் செலவிட்டனர். ஒருவர் தேறினால்தான் போட்ட முதல் திரும்பிற்று. தேறாவிடில் இழப்பு நிறுவனத்தையே சார்ந்தது. ஆதலால் அவரைத் தேற்றியே ஆகவேண்டிய கட்டாயமும் அதற்கு இருந்தது. புதிய வடிவம் இக்கணக்கைத் தலைகீழாக்கியது. இங்கே தேடலே காட்சிப்பொருள். அதற்கு விளம்பரதாரர் பணம் தருகின்றனர். வாக்களிப்போர் கட்டணம் செலுத்துகின்றனர். போட்டியாளர் புகழின் மேலுள்ள வேட்கையால் தம் உழைப்பைத் தருகிறார். இறுதிச் சுற்று முடியும் முன்பே முதலும் ஊதியமும் கைக்கு வந்துவிடுகின்றன. வென்றவர் அதன்பின் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் நிறுவனத்தின் ஏட்டில் மாற்றம் இல்லை. நாற்றைப் பறித்து வரப்பில் போட்டுவிட்டு மீண்டும் விதைக்கப் போகும் உழவனை நாம் கண்டதில்லை. ஏனெனில் அவனுடைய வருவாய் அறுவடையில் இருக்கிறது. இவர்களுடைய வருவாய் விதைப்பிலேயே முடிந்துவிடுகிறது.

இவ்வாறு சூட்டப்படும் மகுடம் எத்தகைய அளவுகோல் என்பதை அதன் வரலாறே காட்டிவிட்டது. 2004ஆம் ஆண்டின் 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் ஜெனிபர் ஹட்சன் ஏழாம் இடத்தோடு வெளியேற்றப்பட்டார். 2007இல் 'ட்ரீம்கேர்ல்ஸ்' திரைப்படத்துக்காக ஆஸ்கர் விருதைக் கையில் ஏந்தினார். 2010இல் பிரிட்டனின் 'எக்ஸ் ஃபேக்டர்' போட்டிக்குத் தனித்தனியே வந்து தனிப்பாடகராகத் தேறாத ஐந்து இளைஞர்களை ஒரு குழுவாக்கினர். மூன்றாம் இடமே பெற்ற அக்குழு 'ஒன் டைரக்ஷன்' என்ற பெயரில் உலகை வலம்வந்தது. நம் நாட்டில் அரிஜித் சிங் 2005இல் 'ஃபேம் குருகுல்' என்னும் போட்டியில் பாடி, வெல்லாமல் திரும்பினார். எட்டு ஆண்டுகள் இசையமைப்பாளர்களின் பதிவுக்கூடங்களில் உழைத்த பின்னரே, 2013இல் 'ஆஷிகி 2' திரைப்படப் பாடலால் நாடறிந்த குரலானார். மறுபுறத்தையும் மறைக்கலாகாது. முதல் 'அமெரிக்கன் ஐடல்' கெல்லி கிளார்க்சனும், 2005இல் வென்ற கேரி அண்டர்வுட்டும் உண்மையிலேயே நட்சத்திரங்களாயினர். ஆயின் வென்றோர் சிலர் ஒளிர்ந்ததும், தோற்றோர் சிலர் அவர்களினும் மிகுதியாக ஒளிர்ந்ததும் ஒன்றையே உணர்த்துகின்றன. ஒளிர்வதற்கும் மகுடத்துக்கும் உள்ள தொடர்பு, நமக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு நெருங்கியதன்று.

ஏன் இவ்வாறு? முதற்காரணம், மேடையில் பாடப்படும் பாட்டு. போட்டியாளர் பாடுபவை பெரும்பாலும் நாம் முன்னரே கேட்டு நெஞ்சில் நிறைத்துக்கொண்ட பாடல்கள். ஒருவர் சுசீலாவின் பாடலை எடுக்கிறார். இன்னொருவர் ஜேசுதாசின் பாடலை எடுக்கிறார். கேட்கும் நமக்கு அப்பாடல் வழியே நம் இளமையும், அதை முதலில் கேட்ட நாளும், உடனிருந்தோரும் நினைவுக்கு வருகின்றனர். நம் கண்ணில் துளிர்க்கும் நீரில் பாதி அந்தப் பழைய குரலுக்கும் இசையமைப்பாளருக்கும் உரியது. அதைக் கணக்கிட்டுக் கழிக்கும் நடுவர் எவரும் இல்லை. முழுவதும் போட்டியாளரின் வரவில் எழுதப்படுகிறது. போட்டி முடிந்து அவர் தமக்கெனப் புதிய பாடலொன்றைப் பாடும் நாளில், கடன் வாங்கிய அந்த நினைவுகள் துணைக்கு வருவதில்லை.

டி.எம். சௌந்தரராசனின் தொடக்கத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1950இல் வெளியான 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அவர் பாடியபோது, அக்குரலில் தியாகராச பாகவதரின் சாயலே ஓங்கி நின்றது. இன்றைய மேடையாயின் அச்சாயலுக்கே கைத்தட்டலும் மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். பாகவதர் மறுபிறவி என்று நடுவர் எழுந்து நின்றிருப்பர். மகுடமும் அப்போதே சூட்டப்பட்டிருக்கும். ஆயின் தமிழகம் போற்றிய சௌந்தரராசன் அச்சாயலைக் கடந்து வந்தவர். 1954இல் 'தூக்குத்தூக்கி' படத்தில் சிவாசி கணேசனுக்குப் பாடியபின், நடிகரின் நாவசைவுக்கும் நடைக்கும் ஏற்பக் குரலை வார்க்கும் கலை அவருக்குத் தனியுரிமையாயிற்று. போலச் செய்வதிலிருந்து தாமாகிய குரலுக்குச் செல்ல அவருக்குக் காலம் தேவைப்பட்டது. புதிய பாடல்கள் தேவைப்பட்டன. நம்பிக்கையோடு மீண்டும் மீண்டும் அழைத்த இசையமைப்பாளர்கள் தேவைப்பட்டனர். தொலைக்காட்சிப் பருவம் ஒன்றின் சில திங்களுக்குள் இம்மூன்றும் அடங்கா.

இரண்டாம் காரணம், பாட்டோடு சேர்த்து விற்கப்படும் வாழ்க்கைக் கதை. தந்தையின் கூலித்தொழில், தாயின் நோய், ஒழுகும் கூரை, இறந்த உடன்பிறப்பு ஆகியவை பாடலுக்கு முன்னே திரையில் ஓடுகின்றன. வறுமையிலிருந்து எழுந்து வருவோரை நாம் வணங்குகிறோம். ஆயின் அவ்வறுமையைப் பின்னணி இசையோடு படம்பிடித்து வாக்குத் திரட்டுவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பன்று. முகமே காட்டாமல் குரலொன்றாலேயே அரசாண்ட பின்னணிப் பாடகர் மரபுக்கு உரியவர்கள் நாம். பி. சுசீலாவும் எஸ். சானகியும் நம் உள்ளங்களில் குடியேறியது, அவர்தம் இல்லத்தின் கூரை எத்தகையது என்று நாம் அறிந்ததால் அன்று.

மூன்றாம் காரணம், வாக்கு குரலுக்கு மட்டும் விழுவதில்லை. ஊருக்கும் இனத்துக்கும் விழுகிறது. 2007இல் 'இந்தியன் ஐடல்' மூன்றாம் பருவத்தின் இறுதிச் சுற்றில் டார்ஜிலிங்கைச் சேர்ந்த பிரசாந்த் தமாங்கும், ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பாலும் மோதினர். தமாங் கொல்கத்தா காவல்துறையில் காவலராகப் பணியாற்றியவர். அவருக்காக மலைமக்கள் ஊர்தோறும் மன்றம் அமைத்து, நிதி திரட்டி, குறுஞ்செய்திகளைக் குவித்தனர், அவர் வென்றார். வெற்றியை அடுத்து ஒரு வானொலி அறிவிப்பாளர் கூர்க்கா மக்களை இழித்துரைத்ததாக எழுந்த சினம் சிலிகுரியில் கலவரமாக வெடித்தது. வாக்குத் திரட்டலில் முன்னின்ற பிமல் குருங், அதே ஆண்டு அக்டோபரில் கூர்க்கா ஜன்முக்தி மோர்ச்சா என்னும் கட்சியைத் தோற்றுவித்தார். நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் தன்மான உணர்வு அவ்வாக்குகளில் இருந்தது. அதை நாம் இகழவில்லை. ஆயினும் அது பாட்டைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. அதைப் பாட்டின் தீர்ப்பாக அறிவித்தது அலைவரிசையின் பிழை.

இத்தனை குறைகள் இருந்தும் இப்போட்டிகள் ஆற்றிய நன்மை ஒன்றை மனமாரப் பாராட்டுகிறோம். இசை, பரம்பரையின் காப்பிலும் சபைகளின் வாயிற்காப்பிலும் இருந்துவந்த நாட்டில், அவை வாயிலைத் திறந்துவிட்டன. முறையான இசைப்பயிற்சிக்கு வழியில்லாத திவாகர் 2014இல் 'சூப்பர் சிங்கர்' பட்டத்தை வென்றார். 2018இல் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் அதே பட்டத்தை வென்றபோது, அவரும் அவர் துணைவியார் ராசலட்சுமியும் வயல்வரப்பின் பாட்டை மாநகர வரவேற்பறைகளில் ஒலிக்கச் செய்தனர். ஈழத்தமிழர் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் சிறார் வந்து தாய்மொழியில் பாடினர். இத்திறப்பு மெய்யானது. ஆனால் உள்ளே அழைத்தவரை உட்கார வைத்தோமா என்று வினவும் உரிமையும் இத்திறப்பினாலேயே நமக்கு உண்டாகிறது.

போட்டியால் கிடைக்கும் அறிமுகம் வாழ்வாக மலர்ந்ததற்குச் சான்றுகள் உள. 1964இல் சென்னையில் நிகழ்ந்த தெலுங்குப் பாட்டுப் போட்டியொன்றில் முதலிடம் பெற்ற மாணவர் ஒருவரின் குரலை இசையமைப்பாளர் கோதண்டபாணி அடையாளம் கண்டார். கண்டதோடு நில்லாமல் தம் துணையில் வைத்துக்கொண்டு, 1966இல் தாம் இசையமைத்த படத்தில் பாடவைத்தார். அம்மாணவரே எஸ்.பி. பாலசுப்பிரமணியம். அந்நன்றியை அவர் வாழ்நாள் முழுதும் போற்றினார். 1996இல் ஈடிவியில் 'பாடுதா தீயகா' என்னும் போட்டியை ஏற்று நடத்தியபோது, இளையோர் பாடியதும் பாடலின் பிறப்பையும் சொல்லின் உச்சரிப்பையும் பொறுமையாக எடுத்துரைத்தார். சின்மயி 'சப்தஸ்வரங்கள்' போட்டியில் வென்று, பாடகர் ஸ்ரீநிவாஸ் வழியாக ஏ.ஆர். ரகுமானை அடைந்து, 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் பாடினார். ஸ்ரேயா கோஷல் 'ச ரி க ம' மேடையில் கண்டெடுக்கப்பட்டு அதே ஆண்டு 'தேவதாஸ்' படத்தில் ஒலித்தார். இவர்கள் அனைவரிடத்தும் பொதுவாக அமைந்தது ஒன்றே. போட்டிக்குப் பின் ஓர் இசையமைப்பாளர் புதிய பாடல் ஒன்றை நம்பி அவர்கள் கையில் தந்தார். நட்சத்திரம் பிறந்தது அந்தப் புதிய பாடலில்; பரிசு பெற்ற பழைய பாடலில் அன்று.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் அவையில் ஆடுகிறாள். ஆயின் இளங்கோவடிகள் அவள் ஆட்டத்தை உடனே பாடத் தொடங்குவதில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர்க்கு இருக்கவேண்டிய தகுதிகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். அரங்கின் நீளமும் அகலமும் உயரமும் கூறுகிறார். அதன்பின்னரே அவளை மேடையேற்றுகிறார். கற்பிப்போரின் தகுதியை ஆய்ந்த பின்பே கற்றவளின் தகுதியை அவை நோக்குகிறது. அவள் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். அந்தப் பொன்னையே விலையாகக் கொண்ட மாலையொன்று அவளை விலைகூறித் தெருவில் நிறுத்தியதையும் காப்பியம் மறைக்கவில்லை. பட்டத்தின் பின்னே சந்தை காத்து நிற்கும் என்பதை நாம் தொலைக்காட்சியிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தொலைக்காட்சி நீக்கியது பயிற்சியை, நிலைநிறுத்திக்கொண்டது சந்தையை.

போட்டியைக் கைவிடாமலே இதைத் திருத்த இயலும் என்பதற்கு இத்தாலி சான்று. 1951 முதல் சான்ரெமோ நகரில் ஆண்டுதோறும் பாட்டுப் போட்டி நடந்துவருகிறது. அங்கே போட்டியிடுவது முன்பு வெளிவராத புதிய பாடல். பாடகர் அதன் தூதர். 1958இல் டொமெனிகோ மொதுன்யோ அம்மேடையில் பாடி வென்ற 'வொலாரே' எல்லை கடந்து உலகெங்கும் ஒலித்தது. 'மானெஸ்கின்' என்னும் இளைஞர் குழு 2017இல் இத்தாலியின் 'எக்ஸ் ஃபேக்டர்' போட்டியில் இரண்டாம் இடமே பெற்றது. 2021இல் தான் புனைந்த பாடலோடு சான்ரெமோவில் வென்று, அதே பாடலால் யூரோவிஷன் போட்டியிலும் வாகை சூடியது. அறிமுகம் ஒரு மேடை தந்தது. வாழ்வைப் புதிய பாடல் தந்தது. நம் போட்டிகளில் இறுதிச் சுற்றேனும் ஏன் புதிய பாடல்களால் அமையக்கூடாது? தமிழில் கவிஞர்க்குப் பஞ்சமா, இசையமைப்பாளர்க்குப் பஞ்சமா?

அடுத்து, வாக்கின் நேர்மை. தென்கொரியாவின் எம்நெட் அலைவரிசை நடத்திய 'புரடியூஸ்' போட்டித் தொடரில், 2019இல் வெளியான வாக்குக் கணக்கைப் பார்வையாளர்களே எழுதிப் பார்த்தனர். அடுத்தடுத்த இடம் பெற்றோர் பலருக்கிடையே 29,978 என்ற ஒரே வேறுபாடு மீண்டும் மீண்டும் வந்தது. விசாரணையில் நான்கு பருவங்களிலும் முடிவு திரிக்கப்பட்டது வெளிப்பட்டது. தயாரிப்பாளர் ஆன் ஜூன்-யங்குக்கு 2020இல் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; வென்றோரைக் கொண்டு அமைத்த குழு அதற்கு முன்பே கலைக்கப்பட்டது. பிரிட்டனில் கட்டணத் தொலைபேசி வாக்குகளில் நேர்ந்த முறைகேடுகளுக்காக 2008இல் ஐடிவி மீது 56.75 லட்சம் பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. சீனாவில் 2021இல் பால் புட்டிகளின் மூடிக்குள் இருந்த வாக்குக் குறியீட்டுக்காக இளைஞர்கள் பாலை வாங்கிக் கால்வாயில் கொட்டிய காட்சி வெளியாகி, அப்போட்டியின் இறுதிச் சுற்றே நிறுத்தப்பட்டது. அவ்வாண்டே அத்தகைய போட்டிகள் அரசால் தடை செய்யப்பட்டன. அமெரிக்காவோ, 1950களில் வினாடி வினா நிகழ்ச்சிகளில் விடைகளை முன்கூட்டியே கொடுத்து ஏமாற்றியது அம்பலமானதும், 1960இல் ஒலிபரப்புப் போட்டிகளைத் திரிப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது.

நம் நாட்டில் நிலை யாது? ஒரு புகழ்பெற்ற வினாடி வினா நிகழ்ச்சியோடு இணைத்து, குறுஞ்செய்திக்கு 2 ரூபாய் 40 காசு வீதம் வாங்கி நடத்திய போட்டிக்காக, 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அத்தண்டத்தைப் போதிய சான்றில்லை என்று உச்ச நீதிமன்றம் பின்னர் நீக்கியது. நீதிமன்றத் தீர்ப்பை நாம் மதிக்கிறோம். அத்தீர்ப்பிலிருந்து கற்கவேண்டிய பாடம், சான்று பொதுவெளியில் இருக்கவேண்டும் என்பதே. எத்தனை வாக்குகள் வந்தன, யாருக்கு எத்தனை, நடுவர் மதிப்பெண்ணுக்கும் மக்கள் வாக்குக்கும் என்ன விகிதம், யார் சரிபார்த்தார்கள் என்பவை பார்வையாளருக்கு முழுமையாகத் தெரிவதில்லை. 2016இல் முன்னரே திரைப்படத்தில் பாடியவர் இத்தகைய போட்டியில் கலந்துகொள்ளலாமா என்ற கேள்வி தமிழகத்தில் பெரிதாக எழுந்தது. விதிகள் தொடக்கத்திலேயே பலரறிய அச்சிடப்பட்டிருந்தால், வென்ற இளைஞர் மீது அந்தப் பழி விழுந்திராது. ஒளிவு மறைவு முதலில் சுடுவது வென்றவரையே.

எல்லாவற்றினும் நம்மை வருத்துவது சிறார் போட்டி. ஆறு வயதும் எட்டு வயதும் ஆன பிள்ளைகள் நள்ளிரவு தாண்டிய படப்பிடிப்பில் விழித்திருந்து, விரகப் பாடலுக்குப் பொருள் அறியாமல் முகபாவம் காட்டி, வெளியேற்றப்படும் நொடியில் தேம்பி அழுகின்றனர். அவ்வழுகை மெதுவாக்கப்பட்ட காட்சியாக மறுவாரம் வரை முன்னோட்டத்தில் ஓடுகிறது. சட்டம் இதைக் கண்டும் காணாதிருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் திருத்தச் சட்டத்தையொட்டி 2017இல் வந்த விதிகள், கலைத்துறையில் ஈடுபடுத்தப்படும் 14 வயது நிறையாத குழந்தையை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஈடுபடுத்தலாகாது என்கின்றன. ஓய்வின்றி மூன்று மணி நேரத்தைத் தாண்டலாகாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாக இடவேண்டும். மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். 2019இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், வயதுக்கு ஒவ்வாத அசைவுகளைச் சிறாரைக் கொண்டு காட்டவேண்டா என்று அலைவரிசைகளுக்கு அறிவுறுத்திற்று. விதி ஏட்டில் இருக்கிறது. படப்பிடிப்புத் தளத்தின் வாயிலில் கடிகாரத்தோடு நிற்கும் அலுவலர்தான் இல்லை. பெற்றோரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்கவேண்டும்: மேடையேற விரும்பியது பிள்ளையா, தாமா?

ஒப்பந்தம் இன்னொரு புண். 2012இல் 'அமெரிக்கன் ஐடல்' வென்ற பிலிப் பிலிப்ஸ், தம்மைப் போட்டியோடு பிணைத்த ஒப்பந்தங்கள் கொடியவை என்று 2015இல் கலிபோர்னியத் தொழிலாளர் ஆணையரிடம் முறையிட்டார். வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. வென்றவருக்கே அந்நிலை. தேர்வு வரிசையில் விடியற்காலை முதல் நிற்கும் இருபது வயது இளைஞர், நீட்டப்படும் தாளில் எந்த வரியைப் படிப்பார்? படித்து மறுத்தால் அவருக்குப் பின்னே இன்னும் ஆயிரம் பேர் நிற்கின்றனர். பேரம் பேசும் வலிமை இல்லாதவரிடம் வாங்கப்படும் கையொப்பம் சட்டப்படி செல்லலாம், அறத்தின்படி செல்லாது.

எனவே நாம் வற்புறுத்துவன இவை. முதலாவது, ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் வாக்கு எண்ணிக்கையை முழுமையாக, தணிக்கையாளர் சான்றோடு வெளியிடவேண்டும். ஒலிபரப்புப் போட்டிகளைத் திரிப்பதைத் தெளிவான குற்றமாக வரையறுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவேண்டும். இரண்டாவது, போட்டி விதிகளும் ஒப்பந்த வடிவமும் தேர்வு தொடங்கும் முன்பே போட்டியாளரின் தாய்மொழியில் பொதுவில் வைக்கப்படவேண்டும். மூன்றாவது, சிறார் பற்றிய விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று மாவட்ட நிர்வாகம் தளத்திற்கே சென்று ஆய்ந்து அறிக்கை தரவேண்டும். நான்காவது, இறுதிச் சுற்றுக்கு வருவோர் ஒவ்வொருவரும் புதிய பாடலொன்றைப் பாடவேண்டும். வென்றவர்க்கு வீட்டின் சாவியோடு, தகுந்த ஆசிரியரிடம் சில ஆண்டுப் பயிற்சியும், உறுதி செய்யப்பட்ட பதிவு வாய்ப்புகளும் பரிசாகவேண்டும். விளம்பர வருவாயின் சிறு பகுதியே இதற்குப் போதும்.

இசையமைப்பாளர்களுக்கும் ஒரு சொல். நடுவர் நாற்காலியில் அமர்ந்து, இக்குரலை என் அடுத்த படத்தில் பாடவைப்பேன் என்று பல்லாயிரவர் முன்னிலையில் நீங்கள் கூறும் சொல், அந்த இளைஞரின் குடும்பத்தில் பத்திரமாகக் கருதப்படுகிறது. அச்சொல்லை நம்பி வேலையை விட்டவர் உண்டு. படிப்பை நிறுத்தியவர் உண்டு. கோதண்டபாணி எந்த மேடையிலும் முழங்கவில்லை, செய்து காட்டினார். நிறைவேற்ற இயலாத உறுதிமொழியைக் கைத்தட்டலுக்காகக் கூறாதீர். கூறியதைச் செய்யுங்கள்.

வாக்களிக்கும் மக்களும் பொறுப்பிலிருந்து விடுபட்டவரல்லர். விரும்பிய பாடகருக்கு இறுதிச் சுற்றின் இரவில் வாக்கைக் குவித்துவிட்டு, மறுநாள் அவர் புதிய பாடலோடு வரும்போது கேளாமல் கடந்துபோவது ஆதரவாகாது. அவருடைய கச்சேரிக்குச் சீட்டு வாங்குவதும், அவர் பாடிய புதுப்பாடலைத் தேடிக் கேட்பதும், பிடிக்காவிடில் பிடிக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்வதும் வாக்கினும் மேலான உதவிகள்.

மேற்சொன்ன நான்கனுள் முதல் இரண்டில் அலைவரிசைகள் செய்யவேண்டியவற்றுக்கு எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த அலைவரிசையும் விரும்பினால் அடுத்த பருவத்திலேயே செய்யலாம். வாக்குக் கணக்கையும் ஒப்பந்தத்தையும் தானாகவே மக்கள் முன் வைக்கும் அலைவரிசை எதுவோ, அது சூட்டும் பட்டத்தை மதிப்போடு ஏற்போம். மறைத்து வைப்பவை சூட்டும் பட்டங்களை, அவை எத்துணை பொன்னால் இழைக்கப்பட்டவையாயினும், விளம்பரங்களாக மட்டுமே கொள்வோம்.